கண்மாய்த் தண்ணீரில் மீன் தேடி: ராமநாதபுரம் கரையில் சூழல் டி.என்.ஏ. பயணக் குறிப்பு

முதல் நாள்: ராமநாதபுரம்

இந்தப் பயணத்தில் வலையும் தூண்டிலும் கிடையாது. கண்மாய், ஊரணி, ஆற்றுமுகம் என்று ஒவ்வொரு இடத்திலும் சில லிட்டர் தண்ணீரை அள்ளி வடிகட்டுவதுதான் வேலை. மீன் உதிர்க்கும் சளி, செதில், எச்சம், முட்டை, விந்து எல்லாவற்றோடும் அதன் டி.என்.ஏ.வும் தண்ணீரில் கலக்கிறது. வெயில், வெப்பம், நுண்ணுயிர் மூன்றும் சேர்ந்து அதைச் சில நாளில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில் சிதைத்துவிடும். அந்த டி.என்.ஏ.வைப் படித்து எந்த மீன் என்று சொல்வதுதான் சூழல் டி.என்.ஏ. முறை. விரைவில் சிதைவதால் தண்ணீரில் கிடைக்கும் மீன் பெயர் பெரும்பாலும் அண்மைக்காலத்துப் பெயர்.

பிரான்ஸ் நாட்டுக் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளை இருப்பதை வெறும் தண்ணீரை வைத்தே காட்டிய ஆய்வு 2008-ல் வந்தது. மீன்களுக்கு இன்று அதிகம் பயன்படும் மிஃபிஷ் என்ற தொடக்கியை (தேடும் டி.என்.ஏ. துண்டில் ஒட்டி அதைப் பெருக்கத் தொடங்கும் சிறு இழையை) ஜப்பானின் மசாகி மியா குழு 2015-ல் வெளியிட்டது. மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ் பகுதியில் ஏறக்குறைய 170 எழுத்து நீளமுள்ள துண்டை அது பெருக்கித் தருகிறது. சிதைந்த டி.என்.ஏ.விலும் அந்த அளவு துண்டு மிஞ்சியிருக்கும் என்பதே அதன் பலம்.

ராமநாதபுரத்தில் இந்த முறைக்கு நல்ல வேலை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி சித்திரை, வைகாசியில் வற்றும் கண்மாய்கள் இவை. உள்ளே கருவேலமும் சேறும் அடைத்துக் கிடப்பதால் வலை போட்டுக் கணக்கெடுப்பது கடினம். ஆனால் இதே கரையில் கடல்மீன் எங்கும் இருக்கிறது. சந்தைக் கூடையில், ஐஸ் பெட்டியில், பேருந்து இருக்கையில், பறவை எச்சத்தில், சாப்பிட்ட கையில் என்று அதன் டி.என்.ஏ. ஒட்டாத இடம் இல்லை. ஒரு பெயர் எந்த வழியாகத் தண்ணீருக்குள் வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவர்கள் இந்தக் கரையில் புட்டியைத் திறக்காமல் இருப்பது மேல். இந்தப் பயணக் குறிப்பு முழுக்க அந்தப் பிரிப்பைப் பற்றியதுதான்.

இன்று முழுவதும் கழுவும் வேலை. கடையில் கிடைக்கும் 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதக் கரைசல் வரும். புட்டி, இடுக்கி, குழாய், வாளி எல்லாம் அதில் பத்து நிமிடம் மூழ்கியிருக்க வேண்டும். பிறகு சுத்தமான தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். அலசல் குறைந்தால் ஒட்டியிருக்கும் ப்ளீச் அடுத்து எடுக்கும் மாதிரியையே அழித்துவிடும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குவது நல்லது. வெயில் பட்ட கேனில் அதன் வீரியம் வேகமாகக் குறையும். கடையில் நாள்பட்டுக் கிடந்த புட்டியையும் நம்ப முடியாது.

ஐஸ் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். இங்கே ஐஸ் என்றாலே மீனுக்கான ஐஸ். மீன் இறங்குதளத்துப் பக்கம் வாங்கிய கட்டியைப் பெட்டியில் போட்டால் உருகும் தண்ணீரோடு சூரையும் சாளையும் மாதிரிக்குள் வந்துவிடும். வீட்டு உறைபெட்டியில் உறையவைத்த ஜெல் பொதிகளே போதும். மீன் பெட்டி ஏற்றிய வண்டியில் கருவிகளை ஏற்றக் கூடாது. மாதிரி எடுக்கும் நாட்களில் மதியச் சாப்பாட்டில் மீன் குழம்பும் கருவாடும் வேண்டாம்.

வடிகட்டிய தாளைக் கெடாமல் வைக்க லாங்மயர் கரைசல் இந்த வெயிலுக்கு ஏற்றது. ஒரு லிட்டருக்கு அளவு இப்படி: 1 மோலார் டிரிஸ் 100 மி.லி., 0.5 மோலார் ஈ.டி.டி.ஏ. 200 மி.லி., 5 மோலார் சோடியம் குளோரைடு 2 மி.லி., 10 சதவீத எஸ்.டி.எஸ். 50 மி.லி., மீதிக்கு வாலை வடிநீர். டிரிஸும் ஈ.டி.டி.ஏ.வும் பி.எச். 8-க்குச் சரிசெய்தவையாக இருக்க வேண்டும். இதில் போட்ட தாள் அறை வெப்பத்திலேயே வாரக்கணக்கில் தாங்கும். ஐஸில் வைத்தால் எஸ்.டி.எஸ். வெள்ளையாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்தால் கையில் பிடித்துச் சூடேற்றினால் கரையும், மாதிரிக்குக் கேடில்லை.

அனுமதிக் கடிதங்களைத் தனி உறையில் வைத்தாயிற்று. பறவைகள் சரணாலயத்துக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் எடுப்பதானாலும் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தைப் படித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. உள்நாட்டிலேயே டி.என்.ஏ. வரிசை படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: சக்கரக்கோட்டைக் கண்மாய்

நகரை ஒட்டிய கண்மாய் இது. தேர்த்தங்கல் கண்மாயோடு சேர்த்து 2025 பிப்ரவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பறவைகள் கலையாதபடி கரையிலிருந்தே வேலை செய்ய வேண்டும். மூன்று மீட்டர் கழியின் நுனியில் புட்டியைப் பொருத்தினால் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டியதில்லை. உள்ளே இறங்கினால் சேறு கலங்கும், அந்தச் சேற்றில் பழைய டி.என்.ஏ. இருக்கும்.

மடை, கலுங்கு, வரத்துக்கால் வாய், கரையோரக் கோரை, மரநிழல் என்று ஐந்து இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக மூன்று லிட்டர். ஒரே வாளியில் அள்ளி மூன்றாகப் பிரித்தால் அது ஒரே மாதிரிதான். ஏன் மூன்று என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு மீன் ஒரு லிட்டரில் அகப்படும் வாய்ப்பு 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மூன்று லிட்டரில் ஒன்றிலாவது அகப்படும் வாய்ப்பு 78 சதவீதம், ஐந்தில் 92, ஆறில் 95. அரிதான மீனைத் தேடுபவர்கள் மூன்றோடு நிறுத்தக் கூடாது.

ஒவ்வொரு இடத்துக்கும் புதுக் கையுறை. மூடியைத் தண்ணீருக்கு அடியில் திறந்து, அடியிலேயே மூட வேண்டும். முதலில் எடுப்பது எப்போதும் வெற்று மாதிரி. மூடி உடைக்காத ஒரு லிட்டர் குடிநீர்ப் புட்டியைக் கரையில் திறந்து, கண்மாய்த் தண்ணீரைப் போலவே புட்டிக்கு மாற்றி, அதே குழாயில் வடிகட்டுவதுதான் அது. அதில் மீன் வந்தால் அன்றைய மாதிரிகளில் அந்த மீனை நம்ப முடியாது. அதே பெட்டியில் வாங்கிய இன்னொரு புட்டியை ஆய்வகத்திலும் வடிகட்டி வைத்தால், குற்றம் புட்டியிலா கரையிலா என்று தெரிந்துவிடும்.

வடிகட்டும்போதுதான் இந்த மண்ணின் குணம் தெரியும். 0.45 மைக்ரான் தாளில் தெளிந்த தண்ணீர் ஒரு லிட்டர் ஓடும். கண்மாயின் களிமண் கலங்கலில் நூறு, இருநூறு மில்லியிலேயே அடைத்துக்கொள்ளும். இதற்குச் சிலர் வாளியில் இரவு முழுக்கத் தெளியவைக்கிறார்கள். அது கூடாது. டி.என்.ஏ.வின் பெரும்பங்கு துகளோடு ஒட்டியிருக்கிறது, மண்ணோடு சேர்ந்து அதுவும் அடியில் போய்விடும். கெண்டை மீனை வைத்துச் செய்த ஆய்வில் அதிக டி.என்.ஏ. 1 முதல் 10 மைக்ரான் வரையிலான துகள்களில் இருந்தது. அதனால் 1.2 மைக்ரான் அளவுள்ள கண்ணாடியிழைத் தாளுக்கு மாறுவதில் பெரிய நட்டமில்லை. கலங்கல் மிஞ்சினால் ஒரு லிட்டரை இரண்டு மூன்று தாளில் பிரித்து ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே குழாயில் போட்டுவிடலாம். எந்தத் தாளைத் தேர்ந்தாலும் பயணம் முழுக்க அதே தாள்தான். இடத்துக்கு இடம் தாளை மாற்றினால் இடங்களை ஒப்பிட வழியில்லாமல் போகும்.

கையால் அமுக்கும் 60 மி.லி. ஊசிக்குழலும், வடிசவ்வை உள்ளே அடைத்த ஸ்டெரிவெக்ஸ் கூடும் இருந்தால் பம்பும் பேட்டரியும் வேண்டாம்; ஒரு லிட்டருக்குப் பதினேழு முறை அமுக்க வேண்டும், அவ்வளவே. அடைத்த பிறகும் பலம் கொடுத்து அமுக்கினால் சவ்வு கிழியும். சொட்டுச் சொட்டாக இறங்கியது திடீரென்று ஒழுகத் தொடங்கினால் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தாளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். அரைமணி ஆகியும் முடியாவிட்டால் அத்துடன் நிறுத்தி, ஓடிய அளவை எழுதிக்கொள்ளுங்கள். 340 மி.லி. ஓடியதை ஒரு லிட்டர் என்று எழுதுவது பொய்க்கணக்கு.

அடுத்தது பறவைகள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம் எல்லாம் கண்மாயில் மட்டும் மேய்வதில்லை. கடலோரக் கழியிலும் உப்பளத்து ஓரத்திலும் மீன் தின்றுவிட்டு இங்கே கருவேலத்தின் மேல் வந்து அடைகின்றன. எச்சம் நேரே தண்ணீரில் விழுகிறது. நன்னீர்க் கண்மாயில் கடல்மீன் வரிசை வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதைப் பிரிப்பதற்காகவே மரநிழல் மாதிரியைத் தனியாக எடுக்கிறோம். கூட்டுக்கு நேர்கீழே ஒன்று, மரமே இல்லாத திறந்தவெளியில் ஒன்று. கூட்டுக்கடியில் மட்டும் வரும் கடல்மீன் பறவையின் இரை. கலுங்கு, மடை எல்லாவற்றிலும் வரும் கடல்மீனுக்கு வேறு வழி தேட வேண்டும். கரையில் யாராவது மீன் கழுவுகிறார்களா என்று பார்ப்பது முதல் வேலை.

கண்மாயின் மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்தவரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. அவரிடம் கேட்க வேண்டியவை: என்ன குஞ்சு விட்டார், எந்த மாதத்தில், எங்கிருந்து வாங்கினார், இரைக்கு என்ன போட்டார். "அண்ணே, இந்த வருசம் என்ன குஞ்சு போட்டீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ரோகு, கட்லா, மிர்கால் என்று பதில் வரும், "ஜிலேபி நாங்க போடல தம்பி, தானா வந்தது" என்ற பேச்சும் கூடவே வரும். இரையைப் பற்றிய கேள்வியை விட்டுவிடக் கூடாது. தீவனத்தில் கருவாட்டுத்தூள் இருந்தால் கடல்மீன் வரிசை வருவதற்கு அதுவே போதும்.

மூன்றாம் நாள்: பெரிய கண்மாயும் வரத்துக்காலும்

வைகை 258 கிலோமீட்டர் ஓடிவந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. மிஞ்சினால்தான் கடலுக்குப் போகும். பார்த்திபனூர் மதகிலிருந்து தண்ணீர் வரும் நாட்களில் இந்தக் கண்மாயில் எடுக்கும் மாதிரி பாதி வைகையின் மாதிரி. ஓடும் நீரில் டி.என்.ஏ. கிலோமீட்டர் கணக்கில் பயணப்படும். மேலே எங்கோ இருக்கும் மீனின் பெயர் இங்கே பதிவாகிவிடும்.

அதனால் வரத்துக்காலில் தனியாக மூன்று லிட்டர், கண்மாயின் நடுவில் மூன்று, கலுங்கருகே மூன்று. மூன்றிலும் வருவது கண்மாய் மீனாகவும் இருக்கலாம், ஆற்று மீனாகவும் இருக்கலாம். வரத்துக்காலில் மட்டும் வந்து மற்ற இரண்டிலும் வராதது மேலிருந்து வந்த செய்தி. வரத்துக்காலில் இல்லாமல் கலுங்கருகே வருவதைத்தான் கண்மாய் மீன் என்று துணிந்து எழுதலாம். தண்ணீர் வரத்து நின்று இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்தால் இந்தப் பிரிப்பு தெளிவாகும். புதுவெள்ளம் பாயும் நாளில் எடுப்பதால் பயன் குறைவு. தண்ணீர் பெருகி எல்லாம் நீர்த்துப்போவதோடு தாளும் உடனே அடைக்கும்.

நான்காம் நாள்: ஆற்றங்கரை

வைகையின் மிச்சம் பாக் நீரிணையைத் தொடும் ஊர். நன்னீர் மேலேயும் கனமான உப்புநீர் அடியிலும் தங்குவதால் ஒரே இடத்தில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து அளவியை மேலும் கீழும் இறக்கிப் பார்த்து, இரண்டு ஆழத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். அடித்தண்ணீரை எடுக்கக் கழியில் கட்டிய புட்டியின் மூடியை நூலால் இழுத்துத் திறந்தால் போதும். சேற்றில் முட்டாமல் ஒரு முழம் மேலே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கம் அலை ஏற்ற இறக்கம் சிறிது. ஆனாலும் நேரம் முக்கியம். நீர் வடியும் நேரத்தின் கடைசியில் எடுத்தால் ஆற்றுப்பக்கத்துச் செய்தி மிகும். ஏற்றத்தில் எடுத்தால் கடலின் செய்திதான் வரும்.

இங்கே வரும் மடவை, கொடுவா, பால்மீன் ஆகியவை இரண்டு நீரிலும் வாழ்பவை. அவற்றை இங்கே காண்பது எதிர்பார்த்ததே. விலாங்கு வேறு மாதிரி. கடலில் பிறந்து நன்னீருக்கு ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகும் மீன் அது. ஆற்றுமுகத்தில் அதன் பெயர் வருவதை விட, உள்ளே தள்ளியிருக்கும் கண்மாயில் வருவது பெரிய செய்தி. கடலிலிருந்து அந்தக் கண்மாய் வரை விலாங்கு ஏறிவர வழி இருந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. தடுப்பணையும் கலுங்கும் கட்டும்போது இந்தப் பட்டியலைப் பார்க்கும் வழக்கம் வர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஐந்தாம் நாள்: உச்சிப்புளி, மண்டபம், ஊரணிகள்

ஊரணி சிறியது, தண்ணீர் தெளிவு, 0.45 மைக்ரான் தாளே ஓடும். ஒரு ஊரணிக்கு இரண்டு மூலையில் மூன்று மூன்று லிட்டர் போதும். ஊர் குடிக்கும் தண்ணீர் என்பதால் கையைத் தண்ணீரில் விடக் கூடாது. ப்ளீச் அலசிய தண்ணீரை ஒரு சொட்டுக்கூட அங்கே ஊற்றாமல் கேனில் திருப்பி எடுத்து வர வேண்டும். எடுக்கும் முன் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுவது மரியாதை. எப்போது தூர் வாரினார்கள், எந்த வருசம் முழுக்க வற்றியது என்பதும் அவரிடமிருந்துதான் தெரியும்.

இந்த வட்டாரத்தில் தேட வேண்டிய அயல் மீன்கள் இரண்டு. ஜிலேபி கெண்டை என்று நாம் சொல்லும் மொசாம்பிக் திலாப்பியா 1952-ல் இந்தியாவுக்குள் வந்தபோது முதலில் இறங்கிய இடங்களில் மண்டபம் ஒன்று. உப்பும் நன்னீரும் அதற்கு ஒன்றே. வாயில் குஞ்சு காக்கும் பழக்கத்தால் சிறு ஊரணியிலும் பெருகிவிடும். மற்றது கம்பூசியா. கொசுப்புழுவைத் தின்னும் என்று 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பின்பு கிணறுகளிலும் குளங்களிலும் விடப்பட்ட சின்ன மீன். சிறு உள்நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் அது விடுவதில்லை.

இந்த இரண்டை மட்டும் தேடுவதானால் மிஃபிஷ் போட்டு எல்லா மீனையும் படிக்கத் தேவையில்லை. அந்தந்த இனத்துக்கென்றே செய்த தொடக்கியை வைத்து டி.என்.ஏ.வைப் பெருக்கிக்கொண்டே அளக்கும் நிகழ்நேர பி.சி.ஆர். ஓட்டலாம், செலவும் குறைவு, ஓரிரு நாளில் விடையும் கிடைக்கும். ஜிலேபியில் ஒரு சிக்கல் உண்டு. பண்ணைகளில் வளரும் நைல் திலாப்பியாவோடு அது கலந்து இனவிருத்தி செய்யும். நாம் படிப்பது மைட்டோகாண்ட்ரியா, அதாவது தாய்வழி மட்டும். கலப்பு மீனும் தாயின் பெயரிலேயே பதிவாகும். ரோகு, கட்லா கலப்புக் குஞ்சுகளுக்கும் இதே கதைதான்.

ஆறாம் நாள்: சித்திரங்குடி

முதுகுளத்தூர்ப் பக்கம், 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கண்மாய். மழை பொய்த்த வருசத்தில் வறண்டு கிடக்கும். தண்ணீர் இருக்கும்போது கருவேல இலையும் காயும் ஊறித் தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த நிறமே எச்சரிக்கை. டானினும் மட்கிய இலையின் அமிலங்களும் தாளோடு சேர்ந்து வந்து, ஆய்வகத்தில் பி.சி.ஆர். நொதியை முடக்கிவிடும். விடை "மீன் இல்லை" என்று வரும். கண்மாயில் விரால் துள்ளிக்கொண்டிருக்கும். நிறமுள்ள தண்ணீர் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தால் ஆய்வகத்தில் இருப்பவர் முன்கூட்டியே கவனிப்பார்.

வற்றும் காலத்தில் விரால், தேளி, பனையேறிக் கெண்டை போன்ற காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் குட்டைகளிலும் ஈரச்சேற்றிலும் ஒதுங்கும். அப்போது எஞ்சிய குட்டைகள் ஒவ்வொன்றிலும் எடுக்க வேண்டும். ஒன்றில் எடுத்துவிட்டுக் கண்மாய் முழுவதையும் சொல்லிவிட முடியாது. தண்ணீரே இல்லையென்றால் மேல்மண் இரண்டு செ.மீ. சுரண்டி எடுக்கலாம். ஆனால் மண்ணில் டி.என்.ஏ. தண்ணீரில் இருப்பதை விட நெடுநாள் தங்கும். அதில் வரும் பெயர் இந்த வருசத்து மீனா, போன வருசத்து மீனா என்று சொல்ல முடியாது. மண் மாதிரியின் பட்டியலைத் தண்ணீர் மாதிரியின் பட்டியலோடு சேர்த்து எழுதவே கூடாது.

இந்த முறையைச் சோதித்துப் பார்க்க இந்த மாவட்டம் தரும் பெரிய வாய்ப்பு அழிகண்மாய். சரணாலயம் அல்லாத கண்மாய்களில் தண்ணீர் வற்றும்போது ஊரே ஊத்தாவும் கச்சாவலையுமாக இறங்கி மீன் பிடிக்கும் நாள் அது. அதற்கு முந்தின நாள் மாலை ஐந்து இடங்களிலும் தண்ணீர் எடுத்துவிட வேண்டும். மறுநாள் கரையேறும் மீனை இனம் இனமாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். ஆரல், உளுவை, குறவை, கெளுத்தி, வாளை என்று ஊர்ப்பெயரோடு படமும் எடுத்து, இனத்துக்கு இரண்டு மூன்று மீனின் துடுப்பில் அரை செ.மீ. வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டுக்கொள்ளலாம். எந்த மீனைத் தண்ணீர் சொன்னது, எதை விட்டது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒப்பீடு வேறில்லை. மீன்பிடி தொடங்கிய பிறகு தண்ணீர் எடுத்தால் எல்லா மீனின் சளியும் சேறும் கலந்துவிடும்; அந்த மாதிரி எதற்கும் உதவாது.

துடுப்புத் துண்டுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் நன்னீர் மீன்கள் பலவற்றுக்குப் பொதுத் தரவுத்தளத்தில் சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் வரிசை இருக்கும், 12எஸ் வரிசை இருக்காது. ஒப்பிட வரிசை இல்லாத மீன் கண்மாய் நிறைய இருந்தாலும் பட்டியலில் அதன் பெயர் வராது. வெளிநாட்டுப் பங்காளி மீனின் பெயரில் வந்து குழப்பும். ஊர் மீனின் துடுப்பிலிருந்து 12எஸ் படித்துத் தரவுத்தளத்தில் சேர்ப்பதுதான் இதற்கு ஒரே மருந்து.

ஏழாம் நாள்: ஆய்வகம்

தாளிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் அறையும் பி.சி.ஆர். முடிந்த குழாயைத் திறக்கும் அறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டாவதிலிருந்து முதலாவதுக்குத் திரும்பி வரக் கூடாது. பெருக்கிய குழாயில் கோடிக்கணக்கான பிரதிகள் இருக்கும். அதைத் திறந்த கையோடு வந்தால் அடுத்த தொகுதி முழுவதும் அதே மீனாகிவிடும்.

பிரித்தெடுக்கும் கிட்டுகளில் குவானிடின் உப்பு இருக்கிறது. அந்தக் கழிவில் ப்ளீச் ஊற்றினால் நச்சு வாயு வரும். எத்தனால் கழிவிலும் ப்ளீச் கூடாது. களத்திலிருந்து ப்ளீச் பழக்கத்தோடு வருபவர்கள் இங்கேதான் தவறுவார்கள். இரண்டு கழிவுப் புட்டிக்கும் வேறு வேறு நிற மூடி போட்டுவையுங்கள்.

பி.சி.ஆர். நொதிக்கு முடக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அளவு தெரிந்த செயற்கை டி.என்.ஏ.வை மாதிரியில் சேர்த்து நிகழ்நேர பி.சி.ஆர். ஓட்டி, சுத்தமான தண்ணீரில் சேர்த்ததோடு ஒப்பிடலாம். இரண்டு மூன்று சுற்று தாமதமாக வந்தால் முடக்கம் உண்டு. தாளிலிருந்து பிரித்த டி.என்.ஏ. சாற்றைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்வது எளிய வழி. ஆனால் அரிய மீனும் கூடவே நீர்த்துப்போகும். மாட்டு ஆல்புமின் சேர்ப்பது, அமிலத்தை வடிக்கும் சிறு தூணில் ஓட்டுவது இரண்டும் அடுத்த படிகள். சித்திரங்குடித் தண்ணீருக்குத் தூணில் ஓட்டுவதையே முதலில் செய்துவிடலாம்.

மிஃபிஷ் ஓட்டம் மூல ஆய்வில் சொன்னபடி: 95 டிகிரியில் 3 நிமிடம்; பிறகு 98-ல் 20 நொடி, 65-ல் 15, 72-ல் 15 என்று 35 சுற்று. ஒரு சாற்றுக்கு எட்டு தனிக் குழாய் ஓட்டினால் நல்லது. குறைவான டி.என்.ஏ. எந்தக் குழாயில் அகப்படும் என்பது அதிர்ஷ்டம். பி.சி.ஆர். ஒழுங்காக ஓடியதா என்று காட்டும் நேர்க் கட்டுப்பாட்டுக்கு ராமநாதபுரத்தில் இருக்கவே முடியாத மீன் வேண்டும். மலைக் குளிரோடையில் வளரும் ரெயின்போ டிரவுட்டின் டி.என்.ஏ. இதற்குப் பொருத்தம். கண்மாய் மாதிரியில் அது எட்டிப் பார்த்தால் குழாய்க்குக் குழாய் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று எண்ணிக்கையாகவே தெரியும். இங்குள்ள ரோகுவைக் கட்டுப்பாட்டுக்கு வைத்தால் அந்தக் கசிவு கண்ணுக்கே படாது.

கடைசிக் குறிப்பு: வரிசைகள் வந்த பிறகு

முதலில் மீன் அல்லாதவற்றை எடுத்துவிட வேண்டும். மனிதர், மாடு, ஆடு, பறவை வரிசைகளும் கொஞ்சம் வரும். பறவை வரிசை மிகுந்த மாதிரியில் வந்திருக்கும் கடல்மீனை ஐயத்தோடு பார்க்கலாம். அடுத்து வெற்று மாதிரிகள். ஒரு மீன் வெற்றில் வந்த அதிகபட்ச எண்ணிக்கையை எல்லா மாதிரியிலும் அந்த மீனின் வாசலாக வைத்து, அதற்குக் கீழே வந்ததை விட்டுவிடுங்கள்.

வரிசை எண்ணிக்கையை மீன் எண்ணிக்கை என்று எழுதுவதுதான் இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. ரோகு 40,000, விரால் 400 என்று வந்தால் ரோகு நூறு மடங்கு என்று ஆகாது. சில மீன் அதிகம் உதிர்க்கும், சில மீனோடு தொடக்கி நன்றாக ஒட்டும், கூட்டமாகத் திரிந்த மீன் புட்டிப் பக்கம் வந்திருக்கும். "பதினைந்து லிட்டரில் எத்தனை லிட்டரில் வந்தது" என்ற எண்ணிக்கை இதைவிட நேர்மையானது. பதினைந்தில் பதினான்கில் வந்த மீனையும் ஒன்றில் மட்டும் வந்த மீனையும் அப்படியே பிரித்து எழுதலாம்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இப்படி ஒரு பத்தி வைத்திருக்கிறோம்: குத்தகையில் விட்டதா, வரத்துக்காலில் வந்ததா, மரத்தடியில் மட்டுமா, இரையில் இருந்ததா, சந்தை மீனா, ஒப்பிட்ட வரிசை முழுமையாகப் பொருந்தியதா. சூரை, சாளை போல நன்னீருக்கு வரவே வராத மீன்கள் தனிப் பக்கத்தில். மடவை, பால்மீன், கொடுவா போல இரண்டு பக்கமும் வாழ்பவை வேறு பக்கத்தில். இவற்றை அவசரமாக அழிக்கக் கூடாது. கடலோரக் கண்மாய்க்கு அவை உண்மையிலேயே ஏறி வரும். உப்பு அளவு, கலுங்கு நிலை, இரண்டையும் பார்த்துத்தான் முடிவு.

பட்டியலில் ஒரு மீன் வராததை வைத்து அது இல்லை என்று எழுத முடியாது. எத்தனை லிட்டர், எந்த மாதம், எந்தத் தாள், முடக்கம் இருந்ததா, 12எஸ் வரிசை இருந்ததா என்ற ஐந்தையும் சேர்த்து எழுதினால், அடுத்து வருபவர் அந்த வெற்றிடத்துக்கு எவ்வளவு எடை தருவது என்று தானே முடிவு செய்வார்.

ஊர்ப்பெயரும் படமும் சேர்த்த தமிழ்ப் பட்டியல் ஒன்று குத்தகைதாரருக்கும் ஊராட்சிக்கும் போகிறது. சாற்றில் பாதி மைனஸ் 20-ல் அன்றாட வேலைக்கு, மீதி மைனஸ் 80-ல் தொடாமல். மறுமுறை எடுப்பதற்கு இரண்டு காலம் குறித்திருக்கிறோம்: தண்ணீர் வரத்து நின்று இரண்டு வாரம் ஆன தை மாதக் கடைசி, பிறகு அழிகண்மாய்க்கு முந்தின மாலை.